மாடி பாரா, சிறிய பப்பா? புதிய இசைக்குழுவுக்குப் புதுச்சேரியில் எது ஏற்ற இடம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து வாசிக்கும் நால்வர் குழு எங்களுடையது. சொந்தப் பாடல்களோடு மாதம் ஒருமுறை மேடையேற இடம் தேடியபோது இரண்டு அமைந்தன: கடற்கரைச் சாலையை ஒட்டிய மொட்டைமாடி பார் ஒன்று; மிஷன் வீதிப் பக்கம் நாற்பது பேர் அமரக்கூடிய ஏசி பப் ஒன்று. சில மாதங்கள் இரண்டிலும் வாசித்துவிட்டுப் பப்பையே தேர்ந்தெடுத்தோம்.

கூட்டமும் காட்சியும் மாடிக்கே கூடுதல், அதில் வாதமில்லை. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவைத் தீர்மானித்தது ஒலிக்கருவிகளின் பராமரிப்பு. வளரும் குழுவிடம் சொந்தமாக, ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்சரோ ஸ்பீக்கரோ இருப்பதில்லை. அங்கே இருப்பதை நம்பியே வாசிக்க வேண்டும். மாடியில் முதல் நாள் சவுண்ட் செக்கிலேயே பேஸ் கிட்டார் கரகரத்தது. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால், பிளக்கில் முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளை மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும் என்பதால், துடைத்துச் செருகினாலும் அது இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை. பழகிய சினிமாப் பாட்டென்றால் விட்டுப்போன வரியைக் கேட்பவரே மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார். முதன்முறை கேட்கும் பாட்டில் ஒரு சொல் கரகரப்பில் மூழ்கினாலும் அது போனதுதான். பப்பிலோ, நிகழ்ச்சி முடிந்ததும் கேபிள்களைத் துடைத்துச் சுருட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியுள்ள பெட்டியில் வைத்துவிட்டு, மிக்சருக்கு உறை போட்ட பிறகே விளக்கை அணைக்கிறார்கள். அதைப் பார்த்த அன்றே என் மனம் அங்கே சாய்ந்துவிட்டது.

நேரமும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மாடியில் கூட்டம் சேர்வதே ஒன்பது மணிக்கு என்பதால், எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ஆனால் மாடியில் நாங்கள் வாசித்தது மூன்று முறைதான், அதுவும் கோடையில். ஐப்பசி மழைக்காலத்தில் அங்கே எப்படி என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. கிட்டாரும் சிறிய ஆம்ப்பும் தானே கொண்டுவந்து தனியாகப் பாடுபவருக்கு மாடியே பொருந்தலாம். ஜூன் 21-ஐ ஒட்டி இங்கே நடக்கும் இசை விழாவின் தெருமேடை வேறு கணக்கு. ஒரு இரவுக்குத் திறந்தவெளி இனிமைதான்.

பப்பிலும் ஒரு குறை உண்டு: கூரை தாழ்வு, டிரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எங்கள் டிரம்மர் இப்போது குச்சியை விட்டு, மெல்ல ஒலிக்கும் பிரஷ்ஷால் வாசிக்கப் பழகி வருகிறார். போன மாதம்தான் பின்வரிசை வரை பாட்டின் சொற்கள் கேட்டன.