ரோட்டரி மாஸ்டாவா, பாக்ஸர் சுபாருவா?

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போன சுபாருவைக் கொண்டுபோய் நிறுத்தினால் மெக்கானிக் முகம் சுளிப்பார், ஆனால் வேலையை எடுத்துக்கொள்வார். சீல் போன ரோட்டரி மாஸ்டாவைக் கொண்டுபோனால் வேறு ஆளைப் பாருங்கள் என்பார். இரண்டு நிறுவனங்களின் நல்ல பேரும் கெட்ட பேரும் இந்த வித்தியாசத்தில்தான் கிளைவிடுகின்றன.

ஜப்பானியக் கார் என்றதும் நம் பேச்சு டொயோட்டா, ஹோண்டா, சுசுகியோடு நின்றுவிடும். மாஸ்டா நமக்குக் காராக வரவில்லை. ஸ்வராஜ் மாஸ்டா வேனாகவும் மினி பஸ்ஸாகவும் வந்தது. சுபாரு அப்படிக்கூட வரவில்லை. ஆனால் பெயரில் நமக்குப் பழக்கம் உண்டு. சுபாரு என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டத்துக்கு ஜப்பானியப் பெயர். சங்கப் பாட்டு அதை அறுமீன் என்கிறது. சுபாருவின் சின்னத்திலும் எண்ணிப் பார்த்தால் ஆறு மீன்தான். ஒன்று பெரிது, ஐந்து சிறிது: ஐந்து கம்பெனிகள் சேர்ந்து 1953-ல் சுபாருவைக் கட்டிய ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆன கணக்கு அது.

இருவரையும் ஏன் ஒரே தராசில் வைக்க வேண்டும்? இருவரும் சிறிய கம்பெனிகள். மற்றவர்கள் பெரும்பாலும் கைவிட்ட ஒரு விநோத எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள். மாஸ்டா பிடித்தது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி, சுபாரு பிடித்தது பிஸ்டன்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் பாக்ஸர்.

தக்கைக் கம்பெனியும் விமானக் கம்பெனியும்

மாஸ்டா 1920-ல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வந்த ஜுஜிரோ மட்சுதா அதை இயந்திரத் தொழிலுக்குத் திருப்பினார். 1931-ல் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்தபோது நகரத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஹிஜியாமா குன்று நின்றது. ஆலை பெரும்பாலும் தப்பியது. மாகாண அரசு அலுவலகமே சில காலம் அங்கிருந்து இயங்கியது.

சுபாருவின் மூலம் 1917-ல் சிகுஹெய் நகாஜிமா தொடங்கிய விமானக் கம்பெனி. போரில் ஹயபுசா போர்விமானம் கட்டியவர்கள், தோற்ற பிறகு ராபிட் என்ற ஸ்கூட்டர் கட்டினார்கள். நேச நாடுகளின் நிர்வாகம் கம்பெனியைத் துண்டு துண்டாக உடைத்தது. விமானம் கட்டிய பொறியாளர்கள் காருக்கு வந்தார்கள் என்பது விளம்பர வாசகம் மட்டும் இல்லை. எடையைக் குறைக்கும் பிடிவாதம் 1958-ன் சுபாரு 360-இல் தெரியும், எஞ்சினைத் தாழ்வாக, இருபுறமும் சமமாக வைக்கும் பிடிவாதம் 1966-ன் சுபாரு 1000-இல் தெரியும். பிந்தையதுதான் 977 சிசி கிடைமட்ட நான்கு சிலிண்டர் எஞ்சினோடு வந்த முதல் வண்டி.

எஞ்சின்: கோளாறு எங்கே பிறக்கிறது

மாஸ்டா 1961-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் வாங்கெல் எஞ்சினுக்கு, அதாவது ரோட்டரிக்கு, உரிமம் வாங்கியது. சின்ன கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு இணைத்துவிட அரசு யோசித்துக்கொண்டிருந்த காலம். தனக்கென்று ஒரு தொழில்நுட்பம் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்பது மாஸ்டாவின் கணக்கு. வாங்கி ஓட்டிப் பார்த்தால் உள்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். மாஸ்டா பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் பிசாசின் நகக்கீறல். முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் சுவரில் உரசி ஓடும்போது தன் இயல்பு அதிர்வெண்ணில் துடிப்பதுதான் காரணம். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதோடு மல்லுக்கட்டி, கார்பனும் அலுமினியமும் கலந்த சீலைக் கண்டது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது: 491 சிசி அறைகள் இரண்டு, 110 குதிரைசக்தி. உரிமம் கொடுத்த என்எஸ்யூவோ அதே ஆண்டு ஆர்ஓ80 காரை விட்டு, சீல் தேய்ந்த எஞ்சின்களை வாரன்டியில் மாற்றி மாற்றியே நொடிந்து, 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

கீறல் தீர்ந்தது. வடிவத்தின் குறை தீரவில்லை. ரோட்டரியின் எரிப்பு அறை நீளமானது, ஒல்லியானது. உலோகப் பரப்பு அதிகம் என்பதால் சூடு சுவரில் போகிறது. நெருப்பு கடைசி மூலையை எட்டுவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் வைப்பது அதற்காகத்தான். அப்படியும் மைலேஜ் சுமார்தான். சீலுக்கு எண்ணெய் வேண்டும் என்பதால் ஒரு சின்ன பம்ப் எஞ்சின் ஆயிலை அறைக்குள்ளேயே விட்டு எரிக்கிறது. ரோட்டரி ஆயில் குடிப்பது பழுது அல்ல. குடிக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும், பம்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பாக்ஸரில் எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதறலை மற்றது அடக்கிவிடும். கிராங்க் குட்டை, எஞ்சின் தாழ்வு. கோட்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. கிடைக்கும் தலைவலி படுக்கை நிலையால் வருவது: சிலிண்டர் ஹெட் பக்கவாட்டில் இருப்பதால் ஹெட் கேஸ்கெட் செங்குத்தாக நிற்கிறது, அதன் கீழ் விளிம்பில் ஆயிலும் கூலன்டும் எப்போதும் தேங்கி நிற்கின்றன. நல்ல கேஸ்கெட் போட்டால் இதுவும் பிரச்சினை இல்லை. சுபாரு சில காலம் நல்ல கேஸ்கெட் போடவில்லை.

என் கணிப்பில் ஒப்பீட்டின் சாரமே இதுதான். ரோட்டரியின் நோய் ஜாதகத்தில் இருக்கிறது. பாக்ஸரின் நோய் சாப்பாட்டில் இருந்தது, சாப்பாட்டை மாற்றினால் போய்விடும்.

பேர் ஏறியதும் இறங்கியதும்

1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டா சிக்கிய கதை கொடியது. அமெரிக்காவில் அவர்கள் வளர்ந்ததே ரோட்டரியால். அங்குள்ள அரசுச் சோதனையிலோ அந்தக் கார்கள் கேலனுக்குப் 11 மைல் அளவில் நின்றன. லிட்டருக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை. விற்காத வண்டிகள் குவிந்தன. சுமிட்டோமோ வங்கி தாங்கிப் பிடித்தது, ஆலைத் தொழிலாளர்களை விற்பனைக்கு அனுப்பினார்கள், 1979-ல் ஃபோர்டு 25 சதவீதப் பங்கை வாங்கியது. ரோட்டரியை ஆர்எக்ஸ்-7 போன்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒதுக்கிவிட்டு, சாதாரணப் பிஸ்டன் எஞ்சின் போட்ட ஃபமிலியாவால்தான் வீடு எழுந்தது. 1991 லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் நான்கு ரோட்டர் பந்தயக் கார் 787பி 362 சுற்று ஓடி வென்றது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கு வென்றது அதுவே முதல் தடவை. டொயோட்டாவுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 24 மணி நேரம் தாங்கிய எஞ்சின் கடைத்தெருவில் ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சூடாக, நிற்காமல், உயர் சுற்றில் ஓடுவதுதான் ரோட்டரிக்குச் சுகம். பால் வாங்கப் போய்வரும் 2 நிமிட ஓட்டம்தான் அதற்கு விஷம்.

சுபாருவின் அமெரிக்கத் தொடக்கமும் மோசம்தான். 1969-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சுபாரு 360-ஐ ஏற்கத் தகாத கார் என்று எழுதியது. திருப்பம் பனியில் வந்தது. டோஹோக்கு மின்வாரியக் கம்பெனியின் ஆட்கள் மலைப்பகுதியில் ஜீப்பில் நடுங்கிக்கொண்டு போவதற்குப் பதில், மூடிய வண்டியில் நான்கு சக்கர இழுவை கிடைக்குமா என்று கேட்டார்கள். சுபாருவின் கியர்பாக்ஸ் ஏற்கெனவே நீளவாக்கில் இருந்தது. பின்னால் ஒரு ஷாஃப்டை நீட்டினால் போதும். 1972-ல் லியோனே 4டபிள்யூடி ஸ்டேஷன் வேகன் வந்தது. பாக்ஸரைத் தனியாக விற்காமல் நான்கு சக்கர இழுவையோடு கட்டி விற்றதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். யாரும் பாக்ஸருக்காக சுபாரு வாங்குவதில்லை, பனிக்காக வாங்குகிறார்கள். 1995, 96, 97 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு உலக ரேலி கம்பெனிப் பட்டமும் வந்து சேர்ந்தது.

பழைய வண்டி வாங்கினால்: மாஸ்டா ஆர்எக்ஸ்-8

2003 முதல் 2012 வரை வந்த ஆர்எக்ஸ்-8-ல் ரெனிசிஸ் என்ற 1308 சிசி ரோட்டரி எஞ்சின். ஜப்பானிய உயர்ரக மாடலில் 250 குதிரைசக்தி. எடுத்ததும் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் எழும் அழுத்தம், பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் உதவாது, ஒரு ரோட்டரின் மூன்று முகத்தில் பெரிய அளவை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள மின்னணு டெஸ்டர் வேண்டும். 250 ஆர்பிஎம்-ல் புது எஞ்சின் அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேல், ரோட்டருக்கு ரோட்டர் 100-க்கு மேல் வித்தியாசம் வந்தால் வாங்காதீர்கள். டெஸ்டர் இல்லையா? நன்றாகச் சூடேற்றி, அணைத்து, 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் எழுந்து சூட்டில் இழுத்தடித்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது.

வாங்கிய பிறகு: இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பாருங்கள். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து உடனே அணைக்காதீர்கள். பெட்ரோலில் பிளக் நனைந்து மறுபடி எழாது. நனைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து சில வினாடி கிராங்க் செய்யுங்கள், அப்போது இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது, உள்ளே இருப்பது வெளியேறும். இக்னிஷன் காயில்கள் 50,000 கிலோமீட்டருக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல. காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும், அது உருகி அடைக்கும், வெளியேற வழியில்லாத சூடு சீலைத் தின்னும். நான்கு காயிலில் மிச்சம் பிடித்து எஞ்சினை இழந்தவர்கள் ஏராளம். கீழ் பிளக்கும் மேல் பிளக்கும் வெவ்வேறு வகை, மாற்றிப் போடக் கூடாது. பெட்ரோலிலேயே 10 லிட்டருக்கு 50 மி.லி. அளவில் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பவர்கள் உண்டு; கம்பெனி சொல்லும் முறை அல்ல, ஆனால் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் பிரிக்கும் நாள் வந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. குரோம் பூச்சு உரிந்த ஹவுசிங்கில் புது சீல் போட்டால் அது மறுபடி தேயத்தான் போகிறது. ஹவுசிங்கோடு மாற்றினால் செலவு வண்டி விலையை எட்டும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான வண்டிகளுக்கு எஞ்சின் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று மாஸ்டாவே நீட்டியது. நிலைமையை அதுவே சொல்லும்.

பழைய வண்டி வாங்கினால்: சுபாரு 2.5

ஈஜே25 என்ற 2.5 லிட்டர் பாக்ஸர் எஞ்சினில் இரண்டு விதமான கசிவு. 1990-களின் இரட்டை கேம் (ஒரு ஹெட்டுக்கு இரண்டு கேம்ஷாஃப்ட்) எஞ்சினில் கசிவு உள்ளே: எரிப்பு அறையின் வாயு கூலன்டுக்குள் புகும், விரிவுத் தொட்டியில் குமிழி வரும், நெடும் ஏற்றத்தில் சூடு முள் திடீரென்று ஏறி இறங்கும். சோதனை எளிது. ரேடியேட்டர் வாயில் நீல நிறச் சோதனைத் திரவக் குழாயை வையுங்கள். மஞ்சளானால் கேஸ்கெட் போயிற்று. 1999-க்குப் பின் வந்த ஒற்றை கேமில் கசிவு வெளியே: ஹெட்டும் பிளாக்கும் சேரும் கீழ் விளிம்பில் ஆயில் ஈரம். இது மெதுவாகக் கொல்லும், பேரம் பேச இடம் உண்டு.

வேலை என்றால் எஞ்சினை வெளியே எடுத்தே செய்யச் சொல்லுங்கள், சுபாருவில் அது சுலபம். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடுங்கள், பழைய வகை வேண்டாம். ஹெட்டில் 0.05 மி.மீ.-க்கு மேல் வளைவு இருந்தால் ஃபேஸ் அடித்துச் சமமாக்க வேண்டும். போல்ட்டை முறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி முறுக்கி, கடைசியில் கோணக் கணக்கில் இறுக்குவது கம்பெனி முறை. இதைத் தாண்டிப்போகும் மெக்கானிக்கிடம்தான் கேஸ்கெட் இரண்டாம் தடவை போகிறது. டைமிங் பெல்ட், ஐட்லர்கள், வாட்டர் பம்ப் எல்லாம் அதே கையோடு மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் எஞ்சின் இது. கூலன்ட் ஊற்றும்போது ரேடியேட்டர் மேலே மூடிக்கு எதிர்ப்பக்கம் உள்ள காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று நின்றால் புது கேஸ்கெட்டும் வெந்துபோகும்.

டயர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நான்கு டயரின் சுற்றளவும் 6 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், ட்ரெட் ஆழத்தில் சொன்னால் 1 மி.மீ. பஞ்சரான ஒன்றுக்கு மட்டும் புது டயர் போட்டால் முன்னும் பின்னும் ஓயாமல் இழுத்துக்கொண்டு முன்-பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலின் கப்ளிங் வெந்துவிடும்.

2010-ல் வந்த எஃப்பி வகை எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். கேஸ்கெட் தொல்லையும் போயிற்று. தொடக்க ஆண்டு எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குறைந்த புகார் வழக்கு வரை போனது. அதன் பிறகு அமைதி.

இன்று

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நம்பகத்தன்மைப் பட்டியலில் 2020 இறுதியில் மாஸ்டா முதலிடம் பிடித்தது, 2024 டிசம்பரில் சுபாரு. 360-ஐத் தள்ளிவைத்த அதே பத்திரிகை. ஆனால் மாஸ்டா அந்த இடத்தைப் பிடித்தது ரோட்டரி இல்லாமல், சுபாரு பிடித்தது பாக்ஸரோடு. தினசரி ஓட்டத்துக்குப் பழைய வண்டி கேட்பவருக்கு எஃப்பி எஞ்சின் சுபாருவையோ பிஸ்டன் எஞ்சின் மாஸ்டாவையோ தயங்காமல் சொல்லலாம். ஆர்எக்ஸ்-8 இரண்டாவது வண்டி, அதுவும் எஞ்சின் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்தவருக்கு.

இரண்டு கம்பெனியிலும் இப்போது டொயோட்டாவுக்குப் பங்கு உண்டு: சுபாருவில் 20 சதவீதம், மாஸ்டாவில் 5. 2024 மே மாதம் மூவரும் ஒரே மேடையில் புது எஞ்சின்களைக் காட்டியபோதும் சுபாரு பாக்ஸரையே காட்டியது, மாஸ்டா ரோட்டரியையே காட்டியது. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரி திரும்பி வந்துவிட்டது, 830 சிசி ஒற்றை ரோட்டராக. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்; ரோட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலை மட்டும். பழைய 2 மி.மீ. அபெக்ஸ் சீலை இதில் 2.5 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள்.