கார்புரேட்டருக்கு பேரிங் போட்டுத் தர்றேன் என்று சொன்னால் உஷார்

எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டரோடு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பழைய அம்பாசடர் ஓட்டுகிறவர்கள் லேத் பட்டறைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டியில் த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்குகிற தண்டு, ஆட்டம் கண்டுவிட்டது. ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு இடத்தில் நிற்காது. ஷாஃப்ட் முனையில் கார்ப் கிளீனர் அடித்தால் இன்ஜின் சத்தமே மாறும். அங்கே காற்று இழுக்கிறது என்று அர்த்தம். அலுமினிய பாடிக்குள் பித்தளை ஷாஃப்ட் இத்தனை வருஷம் உரசினால் தேயத்தானே செய்யும்? ரீமர் விட்டுத் துளையைச் சீராக்கி, கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) புஷ், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கும் சின்னக் குழாய், அடித்தால் தீர்கிற விஷயம்.

கோவையில் ஒரு பட்டறைக்காரர், "புஷ்ஷெல்லாம் அந்தக் காலமுங்ணா. நீடில் பேரிங் போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்" என்றார். ஊசிபோல் மெல்லிய உருளைகள் (நீடில்கள்) சுற்றி நிற்கும் பேரிங் அது. 4,500 ரூபாய், முழுசும் முன்பணம். பில் கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

பாலிஷ் போட்டுப் பளபளவென்று திரும்பி வந்தது. மாட்டினால் ஐட்லிங் முன்பைவிட மோசம், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்று வேகம்) இறங்கவில்லை. பிரித்துப் பார்த்தேன்.

ஷாஃப்ட் 5/16 இன்ச், அதாவது 7.94 மி.மீ. போட்டிருந்த பேரிங்கின் உள் அளவு 8 மி.மீ. புத்தம் புது பேரிங்கிலேயே 0.06 மி.மீ. ஆட்டம்! போதாததற்கு காற்றை அடைக்கும் சீல் ஒன்றுகூட இல்லை. நீடில்களுக்கு இடையே இருக்கிற சந்தெல்லாம் காற்றுக்கு வழிதான். அந்த நீடில் உருள்வதற்கு ஹார்டன் செய்த ஸ்டீல் ஷாஃப்ட் வேண்டும். என் பித்தளை ஷாஃப்ட்டில் அதற்குள் கோடு கோடாகத் தடம் விழுந்திருந்தது.

பேரிங்கின் வெளி அளவு 12 மி.மீ. அதற்காகத் துளையைப் பெரிதாக்கியதில் ஒரு பக்கச் சுவர் காகிதம்போல் மெலிந்து விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் துளைத்ததால் நேர்கோட்டிலும் இல்லை. பட்டர்ஃபிளை (ஷாஃப்ட்டில் இருக்கும் அந்தக் காற்று வழித் தகடு) இடித்திருக்கும் போல, அதன் விளிம்பை அரத்தால் ராவிவிட்டார்! மூடி வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பிறைபோல் இடைவெளி தெரிகிறது. ஆர்.பி.எம். எங்கே இறங்கும்?

இதுவரை வேலை தெரியாத கோளாறு என்று விடலாம். அடுத்தது அப்படியில்லை. மேலே இருக்கிற சக்‌ஷன் சேம்பரும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவு பொருத்தி ஜோடியாக வருகிறவை, கலந்து போடக் கூடாது. என் சேம்பரில் கீறி வைத்திருந்த அடையாளம் திரும்பி வந்ததில் இல்லை. பிஸ்டனின் வேகத்தை மட்டுப்படுத்தும் டேம்பரைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்'கென்று விழ வேண்டும். இது பாதியில் சிக்கி நிற்கிறது. நல்ல ஜோடியை எடுத்துக்கொண்டு எதையோ மாட்டிக் கொடுத்திருக்கிறார். போய்க் கேட்டால், "பழைய வண்டின்னா இப்படித்தானுங்க."

கொடுப்பதானால் வெறும் பாடியையும் ஷாஃப்ட்டையும் மட்டும் கொடுங்கள், சேம்பர் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு துளையையும், பாடியை இடையில் கழற்றி மாட்டாமல், ஒரே செட்டிங்கில் ஒரே ரீமரால் எடுப்பீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். புஷ் உள்ளே காற்று போகும் வழியில் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, அதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

வேறொரு டர்னர் 12 மி.மீ. வெளி அளவில் கன்மெட்டல் புஷ் கடைந்து ஒரு பக்கத்தைக் காப்பாற்றிவிட்டார். விரிசல் பக்கம் வெல்டிங் வைத்தால் பாடி கோணிவிடும் என்கிறார். ஜோடி மாறாத சேம்பரோடு எஸ்.யூ. பாடி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.