குறுக்குவிசை மாறிப்போனால்: நீட்சியா, கைப்பட எழுதுவதா?

சப்லைம் டெக்ஸ்ட் என்ற நிரல் எழுதும் எடிட்டரிலிருந்து விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டருக்கு மாறியவர்களை உடனே உறுத்துவது கன்ட்ரோல்+ஷிப்ட்+டி. அங்கே வரியை இரட்டிக்கும் விசை, இங்கே பிழைதிருத்தும் பலகத்தைத் திறக்கிறது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள்: பழைய எடிட்டரின் விசைகளை மொத்தமாகக் கொண்டுவரும் கீமேப் நீட்சி (எடிட்டரில் கூடுதலாக நிறுவும் துணைநிரல்), அல்லது விசைகளை நீங்களே எழுதிவைக்கும் கீபைண்டிங்ஸ் கோப்பு.

செலவு: இரண்டு வழியும் இலவசம்.

எளிமை: கீமேப் நீட்சியை நிறுவினால் பழகிய விசைகளில் பெரும்பாலானவை உடனே திரும்பிவிடும். கீபைண்டிங்ஸ் கோப்பில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

உறுதி: இதில் கோப்புக்கே என் ஓட்டு. நீட்சியின் விதியும் உங்கள் விதியும் மோதினால் எடிட்டர் உங்களுடையதையே ஏற்கும். நீட்சியோ நீங்கள் கேட்காத விசைகளையும் மாற்றிவிடும். எது யார் வைத்த விதி என்பதை விசைப்பட்டியலில் தேடிப் பார்க்கலாம், அவசியம் பாருங்கள்.

இரண்டு மூன்று விசைகள்தான் தொல்லை என்றால் கோப்பே போதும். விரல்கள் முழுக்கப் பழையதிலேயே ஊறியிருந்தால் நீட்சியை நிறுவி, இடிக்கும் விசையை மட்டும் கோப்பில் திருத்துங்கள்.