ஒன்பது ஆண்டுகள் நின்றுகிடந்த புல்லட்டும் பாலக்கரைப் பட்டறையும்

அப்பாவுக்கு 2014இல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றுகிடந்த 1988ஆம் ஆண்டு புல்லட் 350, 2023 நவம்பரில் மறுபடியும் சாலைக்கு வந்தது. திருச்சி பாலக்கரையை ஒட்டிய ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய பட்டறைதான் அதைச் செய்து முடித்தது. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் ஆனது. உதிரிபாகங்களுக்கு 16,100 ரூபாய், கூலி 8,500 ரூபாய். அந்தத் தாமதத்தையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறேன்: நெடுநாள் நின்ற வண்டியை யாரிடம் ஒப்படைப்பது என்று தவிப்பவர்கள் இப்படிப்பட்ட ஒரு பட்டறையைத்தான் தேட வேண்டும்.

இதற்கு முன் வேறொரு கடையில் எனக்கு ஏற்பட்ட அனுபவம்தான் இந்த வித்தியாசத்தைப் புரியவைத்தது. அங்கே பழைய பெட்ரோலின் மேலேயே புதுப் பெட்ரோலை ஊற்றி, புது பிளக் ஒன்றைப் போட்டு, இரண்டு பையன்கள் மாற்றி மாற்றி அரை மணி நேரம் கிக்கரை உதைத்தார்கள். வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. "என்ஜினை இறக்கி போர் பண்ணணும் சார், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்; போர் என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது. எதையும் திறந்து பார்க்காமலே சொன்ன தீர்ப்பு அது. அன்றே ஒரு சின்ன லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பாலக்கரைப் பட்டறைக்காரர் அறுபதை நெருங்கும் வயதுக்காரர். அவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே. நான் வண்டியை இறக்கியதும் பழக்கத்தில் கிக்கர் மேல் காலை வைத்தேன். "தம்பி, காலை எடுங்க. இப்ப அதை உதைச்சா உள்ள என்ன கிழியும்னு எனக்கே தெரியாது" என்றார். பிறகு பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வார்னிஷ் வாடை அடித்தது. சைலன்சரின் வால்பக்கத்தில் ஒரு கம்பியை விட்டபோது காய்ந்த குளவிக்கூடு மண்ணாக உதிர்ந்து விழுந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அணில் தேங்காய் நாரை அடைத்துக் கூடு கட்டியிருந்தது. முந்தைய கடையில் அரை மணி நேரம் உதைத்தும் வண்டி ஏன் மூச்சுவிடவில்லை என்பதற்கு இந்த இரண்டுமே பாதி விடை சொல்லிவிட்டன.

அவருடைய வேலை வரிசையைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நான் கொடுத்த கூலிக்கு உண்மையான மதிப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டார். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அந்த எண்ணெய் ஊறி இளக வேண்டும் என்பது கணக்கு. மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்ல உருட்டியபோது பிஸ்டன் நகர்ந்தது. உதைத்துத் திருப்பும் விசைக்கும் கையால் உருட்டும் விசைக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிலிண்டரின் ஆயுளையே தீர்மானிக்கும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

அடுத்தது ஆயில். பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் என்ஜின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து என்ஜினின் அடியில் உள்ள கிராங்க் பகுதிக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் வழியாகத் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும், சீல்களும் பிதுங்கும். அவர் அடிப்பக்க டிரெயின் நட்டைக் கழற்றியபோது தார் போல ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஒழுகியது. ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ50 ஆயில் இரண்டேகால் லிட்டர் ஊற்றினார். அதோடு நின்றுவிடவில்லை. என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டில், வால்வுகளை இயக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் சிறு குழாயின் போல்ட்டைத் தளர்த்தி வைத்து, பிளக் இல்லாமலே நிதானமாகக் கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தார். முப்பது மிதிக்கு மேல் ஆன பிறகு அந்தப் போல்ட்டின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. "மேல வரைக்கும் ரத்தம் ஏறிருச்சு, இனி பயமில்லை" என்றார். ஒன்பதாம் நாள்வரை வண்டி ஸ்டார்ட் செய்யப்படவே இல்லை.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் மஞ்சள் பிசினாகக் காய்ந்திருந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் துளை பச்சைக் களிம்பால் முழுக்க அடைபட்டிருந்தது. உதவியாளர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தபோது அவர் தடுத்தார். பித்தளைத் துளையைக் கம்பி அகலப்படுத்திவிட்டால் வண்டி அதன் பிறகு ஒருநாளும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல், அணையாமல் ஓடாது என்று சொல்லி, ஊறவைத்துக் காற்றடித்தே சுத்தம் செய்ய வைத்தார். டேங்கின் துருவை நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கி நான்கு முறை அலசினார்கள். பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிபி பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.35 மில்லிமீட்டருக்கு அமைத்தார்; கண்டென்சர் புதிது. ஒட்டிப்போயிருந்த கிளட்ச் பிளேட்டுகளைப் பிரித்துக் கழுவிப் போட்டதும், எலி கடித்த வயர்களை மாற்றியதும் வழக்கமான வேலைகள்தான்.

பிரேக்கையும் டயரையும் பற்றித்தான் வாசகர்களை அழுத்தமாக எச்சரிக்க நினைக்கிறேன். என்ஜின் ஓடிவிட்டால் வண்டி தயார் என்று நாம் நம்பிவிடுகிறோம். முன்பக்க டிரம்மைத் திறந்தபோது, பிரேக் ஷூவில் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பட்டையான லைனிங் முழுசாகப் பெயர்ந்து, காய்ந்த தோல்போலத் தனியே கையில் வந்தது. லிவரைப் பிடித்தால் பிரேக் பிடிப்பதுபோலத்தான் முன்பு தெரிந்தது. சாலையில் ஒரு முறை வேகமாகப் பிடித்திருந்தால் அந்த லைனிங் சுருண்டு சக்கரம் இறுகியிருக்கும். டயர்களின் மேற்பரப்புப் பள்ளங்கள் ஆழமாகவே இருந்ததால் மாற்ற வேண்டாம் என்றுதான் நான் கேட்டுக்கொண்டேன். அவர் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார்: 2611. அதாவது 2011ஆம் ஆண்டின் 26ஆம் வாரத்தில் தயாரானது. விரலால் வளைத்ததும் ரப்பரில் வெடிப்புகள் வாய் திறந்தன. அதற்குமேல் நான் வாதிடவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை, தொகையெல்லாம் வாய்மொழிதான். போன் செய்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை, நேரில் போய் நின்றால்தான் விவரம் கிடைக்கும். ஒரு ஸ்விட்ச் தரமற்றதாகப் பொருத்தப்பட்டு இரண்டாம் நாளே உடைந்தது. சொன்னதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆவண வேலையில் அவர் தலையிட மாட்டார். எங்கள் வண்டியின் பதிவு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்பட்டு 2018இல் காலாவதியாகியிருந்தது. தாமதக் கட்டணம், காப்பீடு, புகைச் சான்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வு எல்லாவற்றுக்கும் நானேதான் அலைந்தேன். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் பழைய வண்டியைத் தொட வேண்டாம். ஆனால், மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு துணிப்பையில் கட்டி என் கையில் கொடுத்த ஒரே பட்டறை இதுதான்.

வண்டியை எடுக்கப் போன அன்று அப்பாவையும் ஆட்டோவில் அழைத்துப் போயிருந்தேன். மெக்கானிக் சாவியை அவரிடமே நீட்டினார். அப்பா உதைக்க முடியாது என்று தலையசைத்துவிட்டு, என்னை வண்டியில் ஏறச் சொல்லி, ஹெட்லைட் மேலிருந்த ஆம்பியர் மீட்டரின் மேல் விரலை வைத்தார். "முள்ளைப் பாருடா. மெதுவா மிதி. நடுவுல வந்து நிக்குதா? இப்ப டிகம்ப்ரஸரைப் பிடிச்சு ஒரு சின்ன மிதி. விடு. இப்ப முழுசா உதை." டிகம்ப்ரஸர் என்பது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சிறு லிவர். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. கியர் வலது காலில் என்பதையும், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்பதையும் அவர் மூன்று முறை நினைவுபடுத்தினார்.

நான்கு மாதத்தில் 1,100 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். சொன்னபடி 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி ஹெட் போல்ட்டுகளை இறுக்கிக் கொடுத்தார்; அதற்குக் கூலி வாங்கவில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காவிட்டால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தும்படி சொல்லியிருக்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இப்போது லேசாக ஆயில் கசிகிறது. அடுத்த மாதம் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்கு மேல் அவர் ஏற்பதில்லை. ஆகவே போக நினைப்பவர்கள் வாரநாளில் காலை பத்து மணிக்குள், வண்டியைக் கொண்டுபோகாமல், முதலில் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வருவது நல்லது.