கென்னட் – ஏவன் கால்வாய்க் கரையில் டெர்ன் ஜிஎஸ்டி (Tern GSD): பேட்டரியை விட எடையைக் கணக்கிடுங்கள்

இங்கிலாந்தில் ரெடிங் நகரிலிருந்து பாத் நகர் வரை, கென்னட் – ஏவன் கால்வாயின் கரையோடு, ஏழு வயது மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, கூடாரமும் சமையல் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மூன்று நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே டெர்ன் ஜிஎஸ்டி மின்சார கார்கோ சைக்கிளை வாங்கினேன். அந்தப் பயணத்தை இரண்டு முறை முடித்த பின் இதை எழுதுகிறேன். வாங்கும்போது என் கவலையெல்லாம் பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதாகவே இருந்தது. நான் கணக்குப் போட்டிருக்க வேண்டியது வண்டியின் எடையைத்தான்.

இந்தக் கால்வாய் ஜான் ரென்னியின் பொறுப்பில் கட்டப்பட்டு 1810இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைப்பாதையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். நீர் மட்டத்தை ஒட்டியே பாதை செல்வதால், படகை ஏற்றி இறக்கும் லாக்குகள் உள்ள இடங்களில் மட்டுமே மேடு வரும். ஊட்டன் ரிவர்ஸிலிருந்து டிவைசஸ் வரை 15 மைல் தூரத்துக்கு ஒரு லாக் கூட இல்லை. மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். நடப்பவர்களுக்கே முன்னுரிமை உள்ள இந்தப் பாதையில் அந்த வேகத்தை எட்டவும் கூடாது. மேடும் இல்லாமல் வேகமும் இல்லாமல் போவதால், சரளை பரப்பிய இடங்களில் 500 வாட்-மணி பேட்டரி ஒன்று எனக்குச் சுமையோடு 55 கிலோமீட்டர் வரை வந்தது. புல்லும் சேறுமான இடங்களில் நாற்பதைத் தாண்டவில்லை. ஆகவே நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுப்பதை விட, எந்தப் பகுதியில் தரை எப்படி என்று பார்த்து வகுப்பதே சரி.

ரெடிங்கிலிருந்து நியூபரி வரையும், டிவைசஸிலிருந்து பாத் வரையும் தேசிய சைக்கிள் வழித்தடம் 4 பெரும்பாலும் கரையோடே செல்கிறது. இடைப்பட்ட பகுதியில் அது கிராமச் சாலைகளுக்கு விலகிவிடுகிறது. முதல் முறை நான் விலகாமல் கரையிலேயே போனேன். நியூபரிக்கு மேற்கே ஓரிடத்தில், ஓர் ஆள் மட்டும் திரும்பி நுழையும்படி அமைந்த கதவு ஒன்று குறுக்கே இருந்தது. மகளை இறக்கி, பைகளைக் கழற்றிப் புல்லில் வைத்து, 30 கிலோவுக்கும் மேற்பட்ட வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் திருப்பி அந்தப் பக்கம் கொண்டுசேர்க்க இருபது நிமிடம் ஆயிற்று. மகள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கழற்றிய பைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். அன்று மாலைக்குள் மூன்று முறை இப்படி. இரண்டாம் முறை அந்தப் பகுதி முழுவதும் சாலையிலேயே போனோம், மோட்டார் இருந்ததால் அங்குள்ள மேடுகள் பெரிதாகத் தெரியவில்லை.

இருந்தும் இந்த வண்டியையே பரிந்துரைக்கிறேன். இதன் நீளம் 180 சென்டிமீட்டர், சாதாரண சைக்கிளின் அளவுதான். முன்னால் பெட்டி வைத்த நீண்ட கார்கோ வண்டி ஒன்றை அந்தக் கதவில் திருப்பியிருக்கவே முடியாது. 20 அங்குலச் சக்கரங்களால் சுமை தாழ்வாக அமர்கிறது. பாலங்களின் வளைவுக்கு அடியில் பாதை குறுகி, ஒரு பக்கம் செங்கல் சுவரும் மறுபக்கம் தண்ணீருமாக இருக்கும்போது, பின்னால் குழந்தையோடு போகிறவருக்கு அந்தத் தாழ்வு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லித் தீராது. எதிரே வருபவர் தெரியாத அந்த இடங்களில் மணியை இரண்டு முறை அடித்துவிட்டு, தேவையானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை. சிறிய சக்கரத்தின் குறை வேர்கள் புடைத்த இடங்களில் தெரியும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தபின் மகளின் முணுமுணுப்பு நின்றது.

டிவைசஸை அடுத்த கேன் ஹில்லில் இரண்டு மைலுக்குள் 29 லாக்குகள் 72 மீட்டர் இறங்குகின்றன. அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் படிக்கட்டு போலத் தெரியும். இங்கே ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் அருமையை முழுச் சுமையோடு உணர்ந்தேன். ஒரு பேட்டரி நிரம்ப ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஆவதால், இரவில் மின்சாரம் தரும் கூடார மைதானத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பேட்டரிக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

திரும்பி வருவதையும் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். விரைவு ரயிலில் சைக்கிளை நிமிர்த்திக் கொக்கியில் மாட்டும் குறுகிய இடம்தான் உண்டு. இந்த எடையைத் தூக்கி அதில் மாட்ட முடியாது. நாங்கள் இரண்டு முறையும் பாத் நகரில் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தே ரெடிங் திரும்பினோம். அந்தச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே பாருங்கள்.