உறுமிக்கு வழிவிட்ட கிடார்

போன சனிக்கிழமை சென்னையில் ஒரு சின்ன அரங்கில் நாதஸ்வரம், பம்பை, உறுமி, பறை வாசிக்கும் நான்கு பேர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர்களோடு கிடாரும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள். டிக்கெட் 400 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

பறையும் கிடாரும் ஒரே மேடையில் நிற்பது இப்போது புதிதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், சாதிக்கு எதிராகப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு தன் முதல் கச்சேரியை நடத்தியபோதே, சாவு வீட்டோடு ஒதுக்கி வைத்த வாத்தியங்கள் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக நின்றுவிட்டன. அதனால் இப்படி ஒரு கச்சேரிக்குப் போனால் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

முதல் உருப்படியில் லேப்டாப்பிலிருந்து ஒரே வேகத்தில் தாளம் ஓடியது. பம்பைக்காரர் அதற்குள் அடங்கி வாசித்தார். கரகம், காவடிக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்தின் உயிரே அது போகப்போக ஏறுவதில் இருக்கிறது. மெஷின் வேகத்துக்குக் கட்டிப்போட்டால் ஆட்டம் வராது. எனக்குக் கால் அசையவே இல்லை.

இரண்டாவதில் லேப்டாப்பை நிறுத்திவிட்டார்கள். உறுமி தனியாக ஆரம்பித்தது. வலது முகத்தில் நேர்குச்சி அடிக்க, இடது முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து இழுத்தார் அந்தப் பெரியவர். தோல் அதிர்ந்து, மாடு அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கிற மாதிரி ஒரு முனகல். கிடார் வாசித்த பையன் தன் தந்தியை அதே மாதிரி வழுக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். ஒரு சுரம்கூட முந்தவில்லை. பெரியவர் நிறுத்தினால் நிறுத்தினான். எட்டு ஒன்பது நிமிடம் இருக்கும். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் நள்ளிரவுக்கு மேல் கேட்ட உறுமி எனக்கு அப்படியே திரும்பி வந்தது.

ஒலி அமைப்பில்தான் எனக்கு வருத்தம். சத்தம் குறைந்தால் மைக்கைத் தானாக மூடிவிடும் ஏற்பாட்டை உறுமிக்கும் போட்டிருந்தார்கள். முனகலின் வால் ஒவ்வொரு தடவையும் வெட்டுப்பட்டது. உறுமியில் அந்த வால்தான் இசை. அது இரைச்சல் இல்லை. இடைவேளையில் போய்ச் சொன்னேன். மிக்ஸர் முன்னால் இருந்தவர் உடனே சரி செய்தார். அப்புறம் ஒரு குறையும் இல்லை.

பறைக்கு வேறு சிக்கல். ஏசியில் தோல் தளர்ந்து, மூன்றாவது உருப்படிக்குள் அடி மந்தமாகிவிட்டது. அரங்குக்குள் நெருப்பு கூடாது. அதனால் இடைவேளையில் பார்க்கிங்கில் தென்னை ஓலையைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார் கலைஞர். விரலால் ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கேட்பு, மறுபடி நெருப்பு. “ஃபைபர் தோல் போட்டா இந்த வேலை இல்லையேண்ணே?” என்று கேட்டேன். “வேலை இருக்காது தம்பி, சத்தமும் இருக்காது” என்றார். காய்ச்சி முடித்ததும் அங்கேயே, மைக் இல்லாமல், அடிகுச்சியும் சிண்டுகுச்சியுமாக இரண்டு நிமிடம் வாசித்துப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கேட்டதில் சிறந்த வாசிப்பு அதுதான். அடுத்த முறை மொத்தக் கச்சேரியையும் வெட்டவெளியில் வைக்கும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் அவர்களுடைய ஆல்பம் பென் டிரைவில் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு உருப்படிகள். முதல் இரண்டிலும் லேப்டாப் தாளம்தான், தாண்டிப் போய்விடலாம். நான்காவதில் நாதஸ்வரத்தின் ஒரு நீண்ட சுரத்தை எடுத்து, அடுக்கடுக்காக அதன் மேலேயே போட்டு, நான்கைந்து நாதஸ்வரம் ஊதுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். லேப்டாப்பை இப்படிப் பயன்படுத்தினால் எனக்கு முழுச் சம்மதம். கடைசி உருப்படி உறுமியும் கிடாரும். பதிவில் அந்த வால் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறது.

ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். உறுமியின் அடிக்குரல் அதில் வரவே வராது, தேய்க்கிற சத்தம்தான் கேட்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள்.