மேட்சிங் நன்கொடை: ஒரு தமிழ்ப் பள்ளிப் பொருளாளரின் மதிப்பீடு

சியாட்டில் பக்கம் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். டெக் நிறுவனங்கள் இவ்வளவு சம்பாதிக்கின்றனவே, கொடுப்பது போதுமா என்று பெற்றோர்களிடையே அடிக்கடி பேச்சு வரும். அந்தப் பணம் எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

அமேசானின் நன்கொடைத் திட்டமான அமேசான் ஸ்மைல் இப்போது இல்லை. 2013-இல் தொடங்கினார்கள். வாங்கும் பொருளின் விலையில் 0.5 சதவீதம் நாம் தேர்ந்தெடுக்கும் அமைப்புக்குப் போகும். நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஐம்பது சென்ட். ஸ்மைல் என்ற தனிப் பக்கம் வழியாகவோ, செல்போன் செயலியில் ஸ்மைலை இயக்கி வைத்தோ வாங்கினால்தான் அதுவும். வழக்கமான பக்கத்தில் வாங்கினால் ஒன்றும் கிடையாது. 2023 பிப்ரவரி 20 அன்று மூடிவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் பணம் சிதறிப் போகிறது, சராசரியாக ஓர் அமைப்புக்கு 230 டாலர்கூடப் போகவில்லை என்று காரணம் சொன்னார்கள். வாடகைக்கு வகுப்பறை எடுத்துப் பள்ளி நடத்துகிறவர்களைக் கேட்டால் 230 டாலரின் அருமையைச் சொல்வார்கள். தொகை குறைவு என்றால் சதவீதத்தைக் கூட்டியிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

மேட்சிங் வேறு ரகம். நிறுவன ஊழியர் ஒருவர் நன்கொடை கொடுத்தால் நிறுவனமும் அதே தொகையைப் போடும். மைக்ரோசாஃப்டில் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை, ஆப்பிளில் 10,000 வரை. மைக்ரோசாஃப்டில் இந்தப் பழக்கம் 1983-இலிருந்தே இருக்கிறது. எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி, ஊழியர் தன்னார்வமாக உழைக்கும் நேரத்துக்கு நிறுவனம் கொடுக்கும் பணம்: மணிக்கு 25 டாலர். எங்கள் ஆசிரியர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அந்த நிறுவன ஊழியரான ஓர் ஆசிரியர் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உயிரெழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த நேரத்தைப் பதிவு செய்தால் பள்ளிக்கு 50 டாலர் வருகிறது. புத்தகம், வாடகை, ஆண்டுவிழா மேடை எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. இதற்கு மனமார ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

ஆனால் இந்தப் பணம் யாரிடம் போகிறது என்று பாருங்கள். ரெட்மண்ட், சமாமிஷ் பக்கம் இருக்கும் எங்கள் பெற்றோர்களில் பலர் டெக் வேலைக்காரர்கள். அதனால் எங்களுக்கு வருகிறது. கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் பழம் பறிக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்காக உழைக்கும் அமைப்பில் கோடிங் எழுதுகிறவர் யார் இருக்கப் போகிறார்? தேவை அங்கே அதிகம். மேட்சிங்கோ ஊழியரின் பர்ஸ் போகும் திசையில்தான் போகும். எங்கள் பிள்ளைகள் தமிழ் படிப்பது எனக்கு உயிர். இருந்தாலும் அங்கே ஒரு குடும்பம் சாப்பிடுவதற்கு முன்னால் எங்கள் ஆண்டுவிழா மேடையை வைக்க மாட்டேன்.

அளவையும் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மைக்ரோசாஃப்டின் நிகர லாபம் 8,800 கோடி டாலர். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 8,800 கோடியில் 2 சதவீதம் என்றால் 176 கோடி டாலர். டெக் நிறுவனங்கள் இலவசமாகவும் விலை குறைத்தும் கொடுக்கும் மென்பொருளையும் கொடையாகக் காட்டுகின்றன. மென்பொருள் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இன்னொரு பிரதிக்கு அவர்களுக்குப் பெரிதாகச் செலவில்லை, அதைக் கொடுத்து எங்களால் வாடகையும் கட்ட முடியாது. அதனால் பணமாக 2 சதவீதம், அதில் பாதியாவது ஊழியர்கள் இல்லாத ஊர்களுக்கு என்று கேட்பேன். கொடுக்கும் மனசுக்கு ஐந்து நட்சத்திரம், கொடுக்கும் அளவுக்கு இரண்டு.

அது நடக்கும்போது நடக்கட்டும். மற்ற தமிழ்ப் பள்ளி, சங்கப் பொருளாளர்களுக்கு: 501(சி)(3) பதிவு, அதாவது வரிவிலக்கு பெற்ற அறப்பணி அமைப்பு என்ற பதிவு இருந்தால் பெனவிட்டி போன்ற நன்கொடைத் தளங்களில் வங்கிக் கணக்கை முதலில் இணைத்துவிடுங்கள். பள்ளிக் கட்டணத்தை நன்கொடையாகக் காட்டி மேட்சிங் கேட்க விடாதீர்கள். கட்டணம் நன்கொடை ஆகாது, பிறகு வம்பு. மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் கொடை இயக்கம் அக்டோபரில் நடக்கும், அதனால் செப்டம்பரிலேயே பெற்றோர்களிடம் பேசிவிடுங்கள். அப்புறம், ஆசிரியர்கள் நேரத்தைப் பதிவு செய்ய மறந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்ததும் செல்போனை எடுக்கச் சொல்லி அங்கேயே பதிவு செய்ய வையுங்கள்.